ரிமடில்: 297 நாய்களிடம் தெரியாதது

மூட்டு தேய்ந்து எழுந்திருக்கக் கஷ்டப்படும் கிழட்டு நாய்க்கு, 1990-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுத்தது ஆஸ்பிரின்தான். அதில் ஒரு சிக்கல். வீக்கத்தையும் வலியையும் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்குதுன்னு 1971-ல் ஜான் வேன் காட்டினார். ஆனா வயிற்றின் உட்சுவரைக் காப்பாற்றுவதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வலி குறையும், வயிறு புண்ணாகும்.

கார்ப்ரோஃபென் நாய்களிடம் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது. ரோஷ் கம்பெனி மனுஷங்களுக்காகக் கண்டுபிடித்து, சில நாடுகளில் பத்து வருஷம் போல விற்றுவிட்டு நிறுத்திய மருந்து அது. நாய்க்கான மாத்திரையாக 1996-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருஷமே ஃபைசர் அதை 'ரிமடில்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. படுத்தே கிடந்த நாய்கள் மறுபடி மாடிப்படி ஏறின. டிவியில் விளம்பரமும் வந்தது.

அப்புறம்தான் கல்லீரல் கேஸ்கள் வர ஆரம்பித்தன. 1998-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் 21 நாய்கள். அதில் 13 லாப்ரடார். லாப்ரடாருக்கு ஆகாத மருந்து என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பியது. எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை. அந்த நாட்டில் அப்போது அதிகம் வளர்க்கப்பட்ட இனமே லாப்ரடார்தான், மூட்டுப் பிரச்சினையும் அதற்கு ஜாஸ்தி.

முன்னாடியே ஏன் தெரியவில்லை? மருந்தின் லேபிளிலேயே பதில் இருக்கு. கள ஆய்வில் இருந்தவை 297 நாய்கள், டம்மி மாத்திரை சாப்பிட்டவையும் சேர்த்து. ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் கோளாறு அதில் கண்ணில் படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். டெஸ்டிங்கில் தப்பித்து ப்ரொடக்‌ஷனில் வெடிக்கும் பக் மாதிரி. எங்க தொழிலில் ரோல்பேக் பண்ணிக்கலாம்.

நாய் வாய்விட்டுச் சொல்லாது. ரெண்டு நாள் சாப்பிடலைன்னா வயசாயிடுச்சுன்னு நினைச்சு, வலிக்குமேன்னு அதே மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்போம். அந்த 21-லும் பெரும்பாலானவை பிழைத்தன, மருந்தை நிறுத்திச் சிகிச்சை கொடுத்ததால்.

விளம்பரத்தில் 'மரணம்' என்ற வார்த்தையும் வரணும் என்று அரசு கேட்டபோது, ஃபைசர் டிவி விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டது. மருந்து இன்றும் விற்பனையில் இருக்கு, நிறைய நாய்களை நடக்க வைக்குது. ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்றாங்க. நாய் வளர்ப்பவர் கையில் கொடுக்க ஒரு தகவல் தாளும் வந்தது. சாப்பாடு இறங்காமல் போனால், வாந்தி எடுத்தால், கண்ணோ ஈறோ மஞ்சளானால், முதலில் மாத்திரையை நிறுத்து, உடனே டாக்டரைக் கேள் என்று அதில் இருக்கு.