பிள்ளை விடுதிக்குப் போகும்போது கூடப் போவது



பச்சைமலையில் வேலை பார்த்த காலத்தில் பெற்றோர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இதுதான்: "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன சார் தெரியும்? நல்லது கெட்டது எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்." மரவள்ளிக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு, பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க வந்து நிற்பார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளான நீங்களே பெற்றோர். துறையூரிலும் திருச்சியிலும் விடுதியில் சேர்த்துவிட்டு உங்களில் சிலரும் அதையே சொல்கிறீர்கள். அதனால் திருச்சியோடு தொடர்புள்ள இரண்டு வீடுகளின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது.

முதல் வீடு படித்த வீடு. சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளராகப் போனவர். பெரிய சம்பளம் இல்லை. ஆனாலும் வீட்டில் கணக்கு, இயற்பியல் புத்தகங்கள் இருந்தன. அவர் வயலினும் வாசிப்பார். மகன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், தந்தியில் வில் உரசும்போது என்ன நடக்கிறது என்று ராமன் ஆராயத் தொடங்கினார். 1918இல் அது நூலாகவே வந்தது. அவருக்கு நோபல் வாங்கித் தந்த ஒளி ஆராய்ச்சி அதற்குப் பத்து ஆண்டு கழித்துத்தான்.

"அது வாத்தியார் வீடு சார், எங்க வீட்டில் புத்தகமும் இல்லை, வயலினும் இல்லை" என்பீர்கள். நியாயமான பேச்சு. இரண்டாவது வீட்டுக்கு வருகிறேன்.

ராமேஸ்வரம் ஜைனுலாப்தீன் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், படகுக்காரர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தொழுவார். பிறகு நாலு மைல் நடந்து தென்னந்தோப்புக்குப் போய், பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயதைத் தாண்டியும் இந்த வழக்கம் மாறவில்லை என்று மகன் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். கணக்கு ஆசிரியர் வீட்டுக்குப் போக மகன் 4 மணிக்கு எழ வேண்டும். தாய் ஆஷியம்மா அதற்கும் முன்னால் எழுந்துவிடுவார். பிறகு தந்தையோடு தொழுகை, அரபிப் பள்ளி, அதற்குப் பிறகு பேப்பர் போடும் வேலை. "சீக்கிரம் எழுந்திரு" என்று அந்த வீட்டில் யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். எல்லோரும் எழுந்திருந்தார்கள், பிள்ளையும் எழுந்தது.

கலாமும் வீட்டை விட்டுப் போய்ப் படித்த பிள்ளைதான். பள்ளிக்கு ராமநாதபுரம், 1950 முதல் நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அதன் விடுதி. அங்கே அவர் இயற்பியல் முடித்தது 1954இல். ராமனுக்குப் பாரத ரத்னா கிடைத்ததும் அதே ஆண்டு.

அவர் பல மேடைகளில் சொன்ன ஒரு சம்பவம். விடுதலைக்குப் பிறகு தந்தை ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவரானார். அவர் தொழப் போயிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் தட்டு நிறையத் துணி, பழம், இனிப்பு எல்லாம் கொண்டுவர, மகன் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்த தந்தை பார்த்தார், மகனை அடித்துவிட்டார். அதுவரை அடித்ததே இல்லையாம். அடியை நான் நியாயப்படுத்தவில்லை (என் பிரம்பைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்!). அழுத பிள்ளையின் தோளை அன்போடு தொட்டு, பதவியில் இருப்பவனுக்கு வரும் பரிசுக்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும் என்று விளக்கினாரே, அதுதான் பெரிது.

2006இல் உறவினர்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து தங்கினார்கள். தங்கியது, சாப்பிட்டது எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லி, 3 லட்சம் ரூபாய்க்கு மேல் கலாம் தன் கைப்பணத்திலிருந்து கட்டினார். அவருடைய செயலராக இருந்த பி.எம். நாயர் இதைச் சொல்லியிருக்கிறார். தந்தை காலமாகி அப்போது 30 ஆண்டு ஆகியிருந்தது.

உங்கள் பெற்றோரிடம் ஒன்றும் இல்லாமலா நீங்கள் வந்தீர்கள்? எழுப்பாமலே இருட்டோடு எழுந்து, முகம் கழுவி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நிற்பீர்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. அதை நான் சொல்லித்தரவில்லை. செங்காட்டுப்பட்டியிலோ மற்ற ஊர்களிலோ உங்கள் அம்மாவும் அப்பாவும் செய்ததைப் பார்த்து வந்தது அது. இப்போது விடுமுறைக்கு வரும் பிள்ளை வீட்டில் பார்ப்பது என்ன? நடுராத்திரி வரைக்கும் அப்பா கையில் போன், காலையில் எட்டு மணிக்குத் தூக்கம் என்றால், விடுதிக்காப்பாளரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

உங்கள் வீட்டில் அம்மா அப்பாவைப் பார்த்து உங்களுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் எது? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், எழுத்துப் பிழையையும் திருத்துவேன்.