கன்னேரிமுக்கும் மன்னாரும்

கோத்தகிரி டவுனிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. அங்கே சிவப்பு வண்ணத்தில் ஒரு பங்களா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்த பிறகு கட்டிய வீடு அது. ஊட்டியெல்லாம் அப்புறம்தான். இடிந்து கிடந்ததைப் புதுப்பித்து நினைவகமாக்கியிருக்கிறார்கள்.

போன மே மாதம் அப்பாயி, மகள் எல்லாரோடும் போயிருந்தேன். சல்லிவன் மீது எனக்குக் கோபமில்லை. தோடர்களின் நிலம் தோடர்களுக்கே என்று தன் அரசாங்கத்திடமே வாதாடிய மனிதர். 'முன்னோடி' என்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. அவர் வரும்போதே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எல்லாரும் இங்கே இருந்தார்கள். ஊர்ப்பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்களே!

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பாயி, "தொர நடந்தா வந்தாரு?" என்றார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் மன்னாருல இருந்து நடந்துதான் போனாராம்."

அந்த நடைக்கும் சல்லிவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1820-களில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். செத்தது எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. பிறகு காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தலைமுறைகள் லயத்திலேயே பிறந்து லயத்திலேயே முடிந்தன.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். சரக்கைப் பிரிப்பது மாதிரி.

அப்பாயி இந்தியாவின் பங்கு. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அப்புறம் தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், கோத்தகிரிப் பக்கம் வேலை. 'தாயகம்' என்பது காகிதத்தில் இருந்த சொல். ஊரில் கூப்பிட்டது "சிலோன்காரங்க" என்று.

"காட்ட வெட்டி, குழி போட்டு, செடி வச்சது பூரா நாங்கதான் தம்பி. கொழுந்து எடுக்க மூணு நாலு வருசம் ஆச்சு." அப்போது கொண்டுவந்த குடும்ப அட்டை இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதில் அப்பாவுக்கு நாலு வயசு.

2023-இல், இருநூறு ஆண்டு நினைவாக, மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே நடையை மறுபடியும் நடந்தார்கள். வீடு வந்ததும் அந்த வீடியோவை அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகப் பார்த்தார்.

"மாத்தளையோட நிப்பாட்டிட்டாங்களா?" என்றார். "அங்கருந்துதான தோட்டத்துக்கு ஏறணும்."

மகள், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அப்பாயி விரல் விட்டுத் தோட்டங்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.