ரயில் போன பிறகும் இருக்கிறவர்கள்



இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில் இருக்கிறது தனுஷ்கோடி. அங்கே போகிற நாம் கூரையில்லாத ஆலயத்தைப் பார்க்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், திரும்பிவிடுகிறோம். அந்த ஆலயத்தில் பூசை கண்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று? இன்று அதைச் சற்றுச் சிந்திப்போம்.

தனுஷ்கோடியை வளர்த்தது ரயில். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேஸ்வரம் சென்றது. மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்குச் சென்றது. எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்குவார், கப்பலில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடந்து தலைமன்னார் சேர்வார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார். ரயில் வந்ததால் நிலையம் வந்தது. சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, ரயில்வே மருத்துவமனை எல்லாம் வந்தன. ரயில்வே ஊழியரும் மீனவரும் கடைக்காரரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். ரயிலும் கப்பலும் வரும் நேரமே அந்த ஊருக்குக் கடிகாரம்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஏழை மக்களுக்கும் அதுவே வாசல். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, மூட்டையும் பிள்ளைகளுமாக இந்த வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள்.

1964 டிசம்பர் 22. திருவருகைக் காலத்தின் இறுதி நாள்கள். அன்று நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து 110 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் ஒரு ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. புயலில் எழுந்த பேரலை அதை அப்படியே வாரிக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. 110 என்பது சீட்டு வாங்கியவர்களின் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களும் இருந்தார்கள் என்பார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அதே இரவில் ஊரும் அழிந்தது.

அடுத்து நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் தலைமையில் 46 நாள்களில் சீர்படுத்தினார்கள். போற்றத்தக்க சாதனை! இராமேஸ்வரத்துக்கு ரயில் மீண்டும் ஓடியது. 2025-இல் புதிய பாலமும் வந்துவிட்டது. ஆனால் தனுஷ்கோடித் தண்டவாளத்தை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கடலின் சீற்றத்தை நினைத்தால் அந்த முடிவில் நியாயம் உண்டு. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்பந்தம் செய்திருந்தது. பின்னாளில் அவர்கள் இராமேஸ்வரத்தில் வந்து இறங்கியபோது, தாத்தாவும் பாட்டியும் கப்பல் ஏறிய துறை இல்லாமலே போயிருந்தது.

ஆனால், அன்புக்குரியவர்களே, தகுதியற்றது என்று சொல்லப்பட்ட அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் இன்றும் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. அவர்களுக்குப் பிழைப்பு தந்தது ரயில் அல்ல, கடல். அதனால் ரயில் போனபின்னும் அவர்கள் போகவில்லை. ‘ஆளில்லாத ஊர்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம், அங்கே இருக்கிற ஆள்களை இல்லையென்று சொல்லிவிடுகிறோம்.

இது தனுஷ்கோடியின் கதை மட்டுமா? ஒரு துயரத்திற்குப் பிறகு நாம் எதை முதலில் சீர்படுத்துகிறோம்? நமக்குப் பயன்படும் பாலத்தை. யாரை மறக்கிறோம்? பாதையின் கடைசியில் இருப்பவரை. நம் பங்கிலும் கடைசித் தெரு உண்டு. விழாவுக்கு வரி கேட்கப் போகிறோம். மழையில் வீடு ஒழுகும்போது போகிறோமா? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய கணக்கில் சீட்டு இல்லாதவரும் உண்டு.

இனி தனுஷ்கோடி செல்லும்போது, அந்த ஆலயத்தின் முன் ஒரு நிமிடம் நின்று, பெயர் தெரியாத அந்தப் பயணிகளுக்காக மன்றாடுவோம். அங்கே வாழும் குடும்பங்களோடு நின்று நாலு வார்த்தை பேசுவோம். வீடு திரும்பியதும், நம் ஊரின் கடைசித் தெருவுக்கும் போய்வருவோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.