விளையாட்டுப் பொருளும் விலைப்பொருளும்

இரத்தினபுரி மாவட்டத்துக் கலவான பகுதியிற் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளைமண்ணைக் கூடையிலிட்டு அலசி மணிக்கல் தேடுவர். அக்கல்லை விலையேறும்வரை பூட்டிவைப்பினும் அதன் ஒளி குன்றாது. விளையாட்டுப் பொருளோ அத்தகையதன்று. கைபடுதலே அதன் பயன்.

இவ்வேறுபாட்டைப் பட்டினப்பாலையிலும் உணரலாம். சோழநாட்டு மனைமுற்றத்தில், உலரும் நெல்லைக் கவர வந்த கோழிமீது மகளிர் பொற்குழையை எறிந்தனர். அக்குழை சிறுவர் உருட்டிய முச்சக்கரச் சிறுதேரைத் தடுத்தது. ஆங்குப் பொன் விளையாட்டுக்கு இடையூறாகவே கருதப்பட்டது.

1990களில் அமெரிக்காவில் இந்நிலை தலைகீழாயிற்று. 'பீனி பேபி' என்னும் துணிப்பொம்மைகளைப் பலர் இலாபங்கருதிக் குவித்து, பெயர்ச்சீட்டுங் கசங்காது காத்தனர். அப்பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்தது. மகிழ்ச்சிக்காகச் சேர்த்தோரிடம் பொம்மையேனும் எஞ்சியது. இலாபத்திற்காகச் சேர்த்தோர் பொருளையும் இழந்தனர், விளையாட்டையும் இழந்தனர்.