வலிப்பும் மூளை இரத்தக்குழாய்க் குறைபாடும்: தமிழக அறுவை மருத்துவ வரலாற்றில் காட்சிக் கருவிகளின் இடம்

முன்னுரை

வலிப்பு கண்டவர் கையில் இரும்புத் துண்டைக் கொடுப்பது தமிழகச் சிற்றூர்களில் இன்றும் காணப்படும் வழக்கம். தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாக அமைந்த விருதுநகர் மாவட்டத்தில், ஆலங்குளம் போன்ற ஊர்களில், வலிப்புடையோர் நெருப்பையும் இயந்திரத்தையும் அணுகலாகாது என்னும் மருத்துவ அறிவுரை வேலையையே பறிக்கக்கூடியது. ஆகவே, எவ்வகை வலிப்பு அறுவையால் தீரும் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினா அன்று. இரத்தக்குழாய்க் குறைபாட்டால் எழும் வலிப்பைப் பொறுத்தவரை, அதற்கான விடையைக் கத்தியினும் காட்சிக் கருவியே தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முந்திய கத்தி

மாண்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறைக்கு வித்திட்டார். 1952இல், குழந்தைப் பருவம் முதல் ஒருபக்கச் செயலிழப்புற்ற இளைஞர் ஒருவருக்குச் சாண்டி செய்த சிகிச்சையே இந்தியாவின் முதல் வலிப்பு அறுவையாகக் கருதப்படுகிறது.

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உருவாக்கிய ஆஞ்சியோகிராம், தமனியும் சிரையும் நேரே பிணைந்த குறைபாட்டைக் காட்டவல்லது. ஆயின், குருதி மெல்ல ஓடும் கேவர்னோமா அதில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. அறுவைத்திறன் இருந்தும், அறுக்க வேண்டிய இடம் தெரியாத காலம் அது.

பிந்திய கண்

1980களில் உலக மருத்துவத்தில் பரவத் தொடங்கிய எம்.ஆர்.ஐ. இந்நிலையை மாற்றியது. கேவர்னோமாவிலிருந்து கசியும் குருதி விட்டுச்செல்லும் இரும்புப் படிவு, சூழவுள்ள மூளைப் புறணியை உறுத்தி வலிப்பை எழுப்புகிறது. அப்படிவைப் படத்தில் கண்ட பின்னரே, இயலுமிடத்து அதனையும் சேர்த்து அகற்றும் முறை வலுப்பெற்றது.

எனினும், எல்லாக் குறைபாட்டிற்கும் அறுவை ஏற்றதன்று. வெடிக்காத தமனி-சிரைப் பிணைவுகளைப் பற்றி 2014இல் வெளியான அரூபா ஆய்வில், மருந்து மட்டும் பெற்றோரைவிட அறுவை முதலிய தலையீடு பெற்றோரிடையே பக்கவாதமும் இறப்பும் மிகுந்திருந்தன.

சட்டத்தின் பார்வை

1976ஆம் ஆண்டுத் திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பை இந்து திருமணத்திற்குத் தடையாக்கியது. காரணம் கண்டு களையத்தக்க வலிப்பும் அத்தடைக்குள் அடங்கியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் வலிப்பு அறுவைத் திட்டம் 1995இல் தொடங்கிய பின்னரும் நீடித்த அத்தடை, 1999இல்தான் நீங்கியது.

முடிவுரை

வலிப்பு ஒரே நோயன்று, பல காரணங்களின் வெளிப்பாடு என்பதைக் காட்சிக் கருவிகள் தெளிவாக்கின. ஆலங்குளத்திற்கு வேலூரையும் சென்னையையும்விடத் திருவனந்தபுரமே அண்மையது. ஆயினும் அது மாநில எல்லைக்கு அப்பாலுள்ளது. எங்குச் செல்வது என்பதற்கு முன், செல்லத்தக்க நோயாளி யார் என்பதை உணர்த்துவது படமே. ஆகவே, தமிழகத்தில் வலிப்பு அறுவையின் வரலாற்றை எழுதுவோர், அறுவை அரங்குகளோடு படக்கருவிகள் எந்த ஊரை எப்போது எட்டின என்பதையும் ஆராய்தல் வேண்டும்.