சுவரில் ஏறிய விரல்கள்

1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், பாரிஸ் நகரில் ஒரு வீட்டின் கூடம் அறுவைக்கூடமாக மாறியது. ‘எவலினா’ என்னும் நாவலால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஃபானி பர்னி, பிரெஞ்சுத் தளபதி தார்ப்ளேயை மணந்து அங்கு வாழ்ந்துவந்தார். அவருடைய வலது மார்பகத்தில் தோன்றிய கட்டியைப் புற்று என முடிவுசெய்து, நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கத்தியை எடுத்தார். மயக்கமருந்தின் பயன் உலகறிய வந்தது 1846இல்தான். எனவே வலியைத் தாங்கப் பர்னிக்குக் கிடைத்தது ஒரு கிண்ணம் மருந்துமது மட்டுமே. முகத்தின்மேல் விரித்த மெல்லிய கைக்குட்டையின் ஊடே கத்தியின் பளபளப்பை அவர் கண்டார். கட்டுப்போடும் நேரமும் சேர்த்து இருபது நிமிடங்கள் அந்த வேதனை நீடித்தது. கணவர் அதைக் காணலாகாது என்று அவரை அன்று வெளியே இருக்கச் செய்ததும் பர்னிதான்.

தம் சகோதரி எஸ்தருக்கு இதனை எழுத அவர் 1812 மார்ச்சில் தொடங்கினார். முடித்தது ஜூன் மாதத்தில். எழுதியதைத் திரும்பப் படிக்க அவரால் இயலவில்லை. புண் ஆறிய பின்னும் பல மாதங்கள் அதைப் பற்றிப் பேசுவதே மறுபடியும் அதை அனுபவிப்பதுபோல் இருந்ததாம். அவர் அதன்பின் 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 1840இல் தமது 87ஆம் வயதில் மறைந்தார். மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் இக்கடிதத்தை அடிக்கடி எடுத்தாளுகின்றனர். ஆனால் அவர்களது கவனமெல்லாம் அந்த இருபது நிமிடங்களிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து வந்த மாதங்களில் அந்தக் கை எப்படி உயர்ந்தது, யார் தலைவாரிவிட்டார்கள், எந்த நாளில் அவர் தாமே மேலாடையை அணிந்தார் என்று எவரும் வினவுவதில்லை.

நம் திருச்சபை மார்பக நோயாளரின் பாதுகாவலியாகப் போற்றும் புனித ஆகத்தாவின் மரபுக் கதையிலும் இந்த இடைவெளி உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் மறைசாட்சியாக மரித்த அவருடைய மார்பகங்கள் அறுக்கப்பட்டன என்றும், அன்றிரவே சிறையில் புனித பேதுரு தோன்றி அவரைக் குணமாக்கினார் என்றும் மரபு கூறும். பிப்ரவரி 5ஆம் நாள் அவர் திருநாளில் மன்றாடும் பெண்களுக்கு நலம் ஒரே இரவில் வருவதில்லை. வாரக்கணக்கில், வீட்டுக்குள்ளே, சிறிது சிறிதாகவே அது வருகிறது.

மயக்கமருந்தும் கிருமி நீக்கமும் வந்தபின் அறுவை சிகிச்சை துணிவு பெற்றது. அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் 1882 முதல் கையாண்டு 1894இல் விரித்து வெளியிட்ட முறையில், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் ஒருங்கே அகற்றப்பட்டன. கட்டி அதே இடத்தில் மீண்டும் முளைப்பது வெகுவாகக் குறைந்தது. அப்பெருமையை அவருக்கு மறுக்கலாகாது. ஆனால் தோள் இறுகியது. நிணநீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை வீங்கியது. 1921இல் ஹால்ஸ்டெட்டே இவ்வீக்கம் குறித்து ஒரு கட்டுரை எழுதி, ‘அறுவையால் நேர்ந்த யானைக்கால் நோய்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்கு என்ன செய்வது என்ற விடை மட்டும் கிடைக்கவில்லை.

அந்த விடையைத் தேடியவர் மருத்துவர் அல்லர். நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர் என்னும் இல்லத்தரசி 1952இல் இதே அறுவைக்கு உள்ளானார். கட்டியைச் சோதிக்க மயக்கமருந்து கொடுத்து, புற்று என்று தெரிந்தால் அம்மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றிவிடுவது அக்கால வழக்கம். கண்விழித்த பிறகே பெண்ணுக்குச் செய்தி தெரியும். லாசர் கேட்ட கேள்விகள் எளியவை: கையை எப்போது தூக்கலாம்? எந்த உள்ளாடை அணிவது? கணவரிடம் என்ன சொல்வது? மருத்துவர்கள் சங்கடப்பட்டார்களே தவிர, பதில் சொல்லவில்லை.

அவர் தாமே பயிற்சிகளை வகுத்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சிலந்திபோல் மேலே ஏற்றுவது முதன்மையானது. இன்று எட்டிய உயரத்தில் ஒரு கோடு. நாளை அதற்கு ஓர் அங்குலம் மேலே இன்னொரு கோடு. ரப்பர் பந்தைப் பிடித்துப் பிடித்து விடுவது மற்றொன்று. தசை சுருங்கி விரியும்போது தேங்கிய நிணநீர் நகர்கிறது என்பது அதன் பயன். பந்து, கயிறு, தற்காலிகமாக அணியும் மென்பஞ்சு மார்பகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அறுவையான பெண்களைப் படுக்கையருகே சென்று பார்க்கலானார். ‘ரீச் டு ரெகவரி’, அதாவது எட்டி எட்டி நலம் பெறுதல் என்று அவ்வியக்கத்துக்குப் பெயர் வைத்தார். மருத்துவரல்லாத ஒரு பெண் தம் நோயாளியிடம் பேசுவதா என்று முகஞ்சுளித்த மருத்துவர்கள் இருந்தனர். எனினும் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதனைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. 1974இல் அது பாரிஸ் வழியாக ஐரோப்பாவிலும் கால் பதித்தது.

அதே 1974இல், செப்டம்பர் 28ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கு இவ்வறுவை நடந்தது. அவர் அதை மறைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் மருத்துவமனையில் கணவரை நோக்கி அவர் பந்தெறியும் படம் வெளியானது. பலர் அதை வேடிக்கையாகவே பார்த்திருப்பர். கை அசையத்தான் வேண்டும் என்ற செய்தியை அந்த ஒரு படம் சொன்னதுபோல் எந்தப் பிரசுரமும் சொல்லியிராது என்பது என் எண்ணம்.

லாசரின் வழியிலும் குறை இருந்தது. எப்போதும் புன்னகை, பழையபடியே தோற்றம் என்று அது வலியுறுத்தியது. 1978இல் மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் இதைக் கடுமையாகச் சாடினார். தம்மைப் பார்க்க வந்த நல்லெண்ணத் தொண்டர் தந்த பஞ்சு மார்பகம் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். அழ விரும்பும் பெண்ணை அழவிடாமல் ஒப்பனை செய்து அனுப்புவது யாருடைய நிம்மதிக்காக என்பது அவர் கேள்வி. ஆறுதல் கூறப் போகும் நம்மில் பலருக்கும் அக்கேள்வி உறைக்கும். நோயாளியின் வீட்டில் நாம் அவசரமாகச் சொல்லும் ‘எல்லாம் சரியாகிவிடும்’ பல வேளைகளில் நமக்கே நாம் சொல்லிக்கொள்வது.

பிற்பாடு கத்தியின் பரப்பு சுருங்கிற்று. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் நடத்திய ஆய்வுகள், தொடக்கநிலைப் புற்றுக்குக் கட்டியையும் சுற்றுப்பகுதியையும் அகற்றிக் கதிரியக்கம் அளித்தால் ஆயுள் குறைவதில்லை என 1980களில் நிறுவின. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன. அதன் விளைவாக, முன்பு செவிலியர் செய்த வேலை வீட்டாரின் கைக்கு வந்தது.

அதில் முதன்மையானது வடிகுழாய். அறுவையான இடத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் அக்குழாயோடு பலர் வீடு திரும்புகின்றனர். அதன் நுனியிலுள்ள குப்பியைக் கைகழுவியபின் நாளுக்கு இருமுறை காலிசெய்து, அளவைக் குறித்துவைக்க வேண்டும். முதலில் சிவந்திருக்கும் நீர் நாளடைவில் வெளிர்மஞ்சளாகும். ஒரு நாளைய அளவு ஏறத்தாழ 30 மில்லி லிட்டருக்குக் கீழே வந்ததும் மருத்துவர் குழாயை எடுப்பது பொதுவான வழக்கம். காய்ச்சலோ, பரவும் சிவப்போ, திடீர் வீக்கமோ கண்டால் காத்திருத்தல் கூடாது. விரலையும் முழங்கையையும் முதல் நாள்களிலேயே அசைக்கலாம். கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது எப்போது என்பதை மருத்துவர் சொல்வார்.

‘அந்தக் கையால் ஒன்றையும் தூக்காதே’ என்ற அறிவுரையும் நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. கேத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கமுள்ள 141 பெண்கள் பங்குபெற்றனர். மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை, வலிமை கூடியது. எனினும் அறுவை முடிந்து ஓராண்டாகியும் முந்தானைக்குள் கையை மடக்கிவைத்து, தண்ணீர்க்குடத்தை மகளிடம் நீட்டும் தாய்மாரை வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் காண்கிறேன். தோள் இறுகிப்போயிருப்பது அவர்களுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு சுவரும் ஒரு கரித்துண்டும் போதும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.