குதிரை நிலையும் நம்ம காலடியும்

போன வாரம் நம்ம கோயில் வாட்சாப் குழுவுல ஒரு செய்தி சுத்துச்சு. குங்ஃபூவைச் சீனனுக்குக் கத்துக் கொடுத்ததே தமிழன் போதிதருமர்தான், அவங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணுமில்லைன்னு. சிலம்பம் பழகுற பசங்க அதை அப்படியே சீனக் கூட்டாளிகளுக்கும் அனுப்பிட்டாங்க. அதுல ஒரு பையனோட சின்ன வயசு நண்பன் இப்ப அவன்கூடப் பேசறதில்லை. அதனாலதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீனக் குறிப்பு இருக்கு. பாரசீகர் என்று சொல்லும் இன்னொரு குறிப்பும் இருக்கு. அவர் 5, 6-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயரில் வழங்கும் 'யீ ஜின் ஜிங்' என்ற நூல் 1624 வாக்கில்தான் எழுதப்பட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆயிரம் வருஷம் கழிச்சு! அதுவும் உடம்பை முறுக்கேத்துற பயிற்சி நூல், சண்டை நூல் இல்லை. ஷாவ்லின் கோயிலோட முதல் தலைமைத் துறவி இந்தியர்தான், ஆனா அவர் பாத்துவோ என்பவர், போதிதருமர் இல்லை. நம்ம பசங்களுக்கு 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படம்தான் சரித்திரம். படம் நல்ல படம்தான், அது வேற.

சரி, காலைப் பாருங்க. கால் பொய் சொல்லாது.

சீனர் பயிற்சியில முதல்ல 'மா பூ', அதாவது குதிரை நிலை. நம்ம ஈப்போவுல கந்தோனீஸ்ல 'ஸாட் மா' என்பாங்க. காலை நல்லா அகட்டி, தொடை தரைக்குச் சமமா வர்ற அளவுக்கு உட்காரணும், முதுகு நேரா. நாற்காலி இல்லாம உட்கார்ற மாதிரி. பாரம் ரெண்டு காலுக்கும் சரிபாதி. அடுத்தது வில் நிலை, முன்கால் மடங்கி பின்கால் நீண்டு, பாரம் முன்னாடி போகும். பழைய குருமார்கள் வேற எதுவும் சொல்லித் தராம மாசக்கணக்குல குதிரை நிலையிலேயே நிக்க வைப்பாங்களாம். சண்டையில யாரும் அப்படியே நிக்க மாட்டாங்க. அது காலை மரம் மாதிரி ஊனுறதுக்கு. சீனப் புத்தாண்டுல சிங்க நடனம் பார்த்திருப்பீங்க. தலையைப் பிடிக்கிறவனைத் தன் தொடை மேல ஏத்தி நிறுத்துறான் பாருங்க பின்னாடி இருக்கிறவன், அந்தக் கால் குதிரை நிலையில வந்த கால்.

நம்ம சிலம்பத்துல நிக்கிறதே கிடையாது. முதல் பாடம் வணக்கம், அப்புறம் காலடி. எங்க தோட்டத்து வாத்தியார் மாரியம்மன் கோயில் முன்னால மண்ணுல கம்பால கோடு கிழிப்பார். அந்தக் கோட்டு மேலதான் கால் மாத்தணும், குதிகால் அழுந்தக் கூடாது. "ஊனினா செத்த"ன்னு கெண்டைக்கால்லயே ஒண்ணு வைப்பார். காரணம் இருக்கு. நெற்றி உயரக் கம்பு சுத்தும்போது உடம்பும் கூடத் திரும்பலைன்னா நம்ம கம்பே நம்ம முழங்கால்ல அடிக்கும். நாலு பக்கமும் ஆள் வந்தா சமாளிக்கணும், ஊனி நின்னா முதுகு யாருக்கு?

போன சனிக்கிழமை அந்தச் சீனப் பையனை நான்தான் கூட்டி வந்தேன். நம்ம பசங்களைக் குதிரை நிலையில உட்காரச் சொன்னான். ஒரு நிமிஷம் தாங்கலை, தொடை வெடவெடன்னு ஆடுது. அப்புறம் அவன் கையில கம்பைக் கொடுத்தோம். கால் தரையை விட்டு வரவே மாட்டேங்குது, கம்பு முழங்கால்ல பட்டுடுச்சு. "அங்கிள், ஸ்லோ லா"ங்கிறான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வந்திருந்தா இவ்வளவு தடுமாற்றம் இருக்காதுன்னு எனக்குத் தோணுது.

ரெண்டுமே இந்தப் பேராக் மண்ணுக்குக் கூலியாளோட வந்ததுதான். ஈயம் தோண்ட வந்த சீனர்கள் லாருட்டுல கீ ஹின், ஹாய் சான்னு ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டது 1874 பங்கோர் ஒப்பந்தம் வரைக்கும் போச்சு. நம்ம ஆளுங்க அப்புறம் பால்மரம் வெட்ட வந்து, லயத்துக்குப் பக்கத்துல கோயிலைக் கட்டி, திருவிழாவுல சாமிக்கு முன்னால கம்பு சுத்தினாங்க. இங்க மூங்கிலுக்குப் பதிலா ரோத்தான். 1948 ஜூன்ல சுங்கை சிப்புட்டுல துரைமார்களைச் சுட்ட பிறகு அவசரகாலம் வந்தது. ராத்திரி ஊரடங்குல கம்பை எடுக்கவே பயம்னு எங்க அப்பா சொல்வார். அப்புறம் தோட்டத் துண்டாடல். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-ல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். ஆனா நிறைய தோட்டம் போச்சு, லயம் போச்சு, வாத்தியார்களும் திசைக்கு ஒருத்தரா போயிட்டாங்க.

சீனர்கள் சங்கம் வச்சுப் படம், பெயர், வருஷம் எல்லாம் சுவர்ல மாட்டி வச்சிருக்காங்க. ஷங்காயில் 1910-ல் தொடங்கின சின் வூ சங்கத்துக்கு நம்ம ஈப்போவுலயே கிளை இருக்கு. நம்ம தோட்டத்து வாத்தியார்கள் பேர் எங்க மாட்டியிருக்கு?

உங்க வீட்டுப் பெட்டியில பழைய தோட்டத் திருவிழா படம் இருந்தா, கம்பு பிடிச்ச ஒரு ஆள் ஓரமா நின்னாக்கூடப் பரவாயில்லை, கோயில் அலுவலகத்துல கொடுங்க. பின்னாடி தோட்டத்துப் பேரும் வாத்தியார் பேரும் எழுதிடுங்க. பிரதி எடுத்துட்டு அசலைத் திருப்பித் தந்துடுவோம். வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு. அந்தச் சீனப் பையனும் வர்றேன்னு சொல்லியிருக்கான்.